கௌதாரிக்கு எய்த அம்பு

கூழாம்பட்டியில் சடையாண்டி கௌதாரிக்கு எய்த அம்பு, அவன் மகள் மூக்காயி தவழ்ந்துகொண்டிருந்த வருஷம் வில்லை விட்டுப் புறப்பட்டு, அவள் கழுத்தில் தாலி ஏறிய நாளில்தான் போய்ச் சேர்ந்தது. அதுவரை அது எங்கும் ஒளிந்துகொள்ளவில்லை. கரட்டுக் குன்றுக்கும் ஊருக்கும் இடையில் கிடக்கிற பொட்டலில், நெட்டையான ஓர் ஆளின் நெற்றி உயரத்தில், எல்லோர் கண் முன்னாலும் வந்துகொண்டேதான் இருந்தது. இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்பார்கள். புறப்பட்டது எதுவும் ஒருநாள் வந்து சேரத்தானே செய்யும், சிலது பஸ்ஸில் வரும், சிலது நடந்து வரும், இது இப்படி வந்தது.

அந்த ஊரில் முதல் விதை மண்ணில் விழுவதற்கு முன்னால் காட்டுப்பேச்சி அம்மன் கொண்டையில் ஒரு கௌதாரி இறகு ஏற வேண்டும். வலை போட்டுப் பிடித்தது ஆகாது, கண்ணி வைத்துப் பிடித்ததும் ஆகாது, துப்பாக்கி என்கிற பேச்சே கிடையாது. வில்லில்தான் அடிக்க வேண்டும், அடித்த பறவையிலிருந்து ஒரு பொட்டு ரத்தம் கீழே விழக்கூடாது. மழைக்கு முன்னால் ரத்தம் குடித்த மண்ணுக்கு அந்த வருஷம் தண்ணீர்த் தாகம் எடுக்காது, தாகம் எடுக்காத மண்ணை மேகம் எட்டிப் பார்க்காது என்பது அவர்கள் கணக்கு. அதனால் கௌதாரி அம்பு தனி. முயலுக்கும் பன்றிக்கும் இரும்பு முனை என்றால், கௌதாரிக்கு உசிலை வேரில் கடைந்த, நெல்லிக்காயை விடக் கொஞ்சம் பெரிதான, மொண்ணையான கட்டை முனை. கூரான அம்பு தப்பிவிட்டால் புல்லுக்கடியில் நுழைந்து காணாமல் போகும், மரத்தில் ஏறிக் குத்தி நின்றுகொள்ளும். கட்டை முனையோ தட்டிவிட்டுக் கீழே விழும், போய்ப் பொறுக்கிக்கொள்ளலாம். வால் பக்கமும் வேறுபாடு உண்டு. கௌதாரி தரையோடு தரையாக ஓடி, திடீரென்று காலடியில் வேட்டு வெடித்த மாதிரி எழும்புகிற பறவை. அதை எழும்பும்போது அடிக்கிற அம்பு குறி தப்பி அடுத்த ஊர்க்காரன் தலையில் போய் இறங்கிவிடாமல் இருக்க, சேவல் இறகைக் கத்தரிக்காமல் முழுசாகப் புசுபுசுவென்று சுற்றிக் கட்டுவார்கள். இறகு காற்றைப் பிடித்துக்கொள்ளும். அம்பு கொஞ்ச தூரம் விசையாகப் போய்விட்டு, பிறகு களைத்து விழும்.

இதெல்லாம் சடையாண்டிக்குத் தெரியாததில்லை, ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவன் அவன்தான். முந்தின வருஷம் முறை பிசகாமல் கட்டை முனை அம்பால்தான் அடித்தான். கௌதாரி பொத்தென்று விழுந்தது. மேளத்தோடு கொண்டுவந்து, தாம்பாளத்தில் கிடத்தி, அம்மன் முன்னால் வைத்தார்கள். பூசாரி வேலாண்டி இறகைப் பிடுங்கக் கையை நீட்டிய அந்த நேரத்தில் அது கண்ணைத் திறந்து, பூசாரியை ஏற இறங்கப் பார்த்து, தாம்பாளத்தில் எழுந்து நின்று ‘கித்தித்திர் கித்தித்திர்’ என்று கத்திவிட்டு, மேளக்காரர் தலைக்கு மேலாகப் பறந்து போய்விட்டது. அடி பட்டு மயங்கித்தான் கிடந்திருக்கிறது. கட்டை முனையில் அப்படி ஆவதுண்டு. வேறொருவன் அடித்த பறவையின் இறகு அம்மனுக்கு ஏறியது, மழையும் பெய்தது, ஆனால் ஊர் சிரித்த சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

அதை நிற்க விடாமல் பார்த்துக்கொண்டவன் பெத்தணன். சடையாண்டியின் மனைவி குருவம்மாவுக்கு உடன்பிறந்த அண்ணன், சடையாண்டிக்கு மச்சான், அதனால் கேலி பேச உரிமை உள்ளவன். அந்த உரிமையை ஒருநாளும் வீணாக்காதவன். டீக்கடையில் சடையாண்டி கையில் வடையை எடுத்தால், “மாப்ளே, பாத்துய்யா, எந்திரிச்சுப் பறந்துரப் போகுது” என்பான். தங்கை வீட்டுக்குச் சாப்பிட வந்தால் குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்து, “என்ன குருவம்மா, கறி இருக்கா, எந்திரிச்சுப் பறந்துருச்சா?” என்பான். மூக்காயி பிறந்து தொட்டில் கட்டிய அன்றுகூட அதைத்தான் சொன்னான். ஊரே சிரித்தது, குருவம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் சடையாண்டியைச் சுட்டது.

ஆகவே மறு வருஷம் அவன் ஒரு காரியம் செய்தான். கொல்லுப்பட்டறையில் பன்றிக்கு என்று பொய் சொல்லி ஓர் இரும்பு முனை அடித்து வாங்கி, தன் கௌதாரி அம்பிலிருந்த உசிலைக் கட்டையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இரும்பைப் பொருத்தினான். ஒரு சொட்டு ரத்தம் வந்தால் துண்டால் துடைத்துக்கொள்ளலாம், பறவை மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் எழுந்திருக்கக் கூடாது என்று நினைத்தான். இரும்பு கனத்துக்கு ஈடாக இருக்கட்டும் என்று வால் பக்கம் இன்னும் இரண்டு சேவல்களின் இறகைச் சேர்த்துக் கட்டினான். அப்படிக் கட்டியபோது அந்த அம்பு, அம்பு மாதிரியே இல்லை. கோபித்துக்கொண்ட சேவல் மாதிரி இருந்தது.

வேட்டையன்று விடிந்து கொஞ்ச நேரத்தில், ஊர் ஆண்கள் எல்லோரும் வரிசையாகப் பின்னால் நிற்க, சங்கஞ்செடிப் புதரிலிருந்து ஒரு கௌதாரி வெடித்து எழும்பியது. சடையாண்டி நாணைக் காது வரைக்கும் இழுத்து விட்டான். அம்பு வில்லை விட்டுப் போனது, கொஞ்ச தூரம் போனது, இறகெல்லாம் விரிந்து காற்றைப் பிடித்துக்கொண்டது, பிறகு மெதுவாகப் போனது, இன்னும் மெதுவாகப் போனது, அப்புறம் அது போகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாதபடி அந்தரத்தில் இருந்தது. ஆண்கள் எல்லோரும் கிட்டே போய்ப் பார்த்தார்கள்.

“நிக்குதா?” என்றார் பூசாரி வேலாண்டி.

பெத்தணன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அம்பின் முனையைப் பின்னால் இருந்த பனைமரத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தான். வெயில் ஏறும்வரை பார்த்தான். “இல்லண்ணே, போகுது. அவசரம் இல்லாமப் போகுது” என்றான்.

“இறகு சாஸ்தியாப் போச்சு” என்றார் ஒருவர். ஆமாம், இறகு அதிகம்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அம்பு ஏன் அப்படி இருக்கிறது என்பதைப் பற்றி அந்த ஊரில் யாரும் பேசவில்லை. இரும்பு முனையைப் பற்றித்தான் பேசினார்கள், சடையாண்டி தலை குனிந்து நின்றான்.

பெத்தணன் அம்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தான், வரவில்லை. ஆறேழு பேர் சேர்ந்து ஆலம்விழுதில் தொங்குகிற மாதிரி தொங்கினார்கள், அம்பு அவர்களையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அதே நிதானத்தில் போனது. கௌதாரியோ, தன்னைத் துரத்தி வந்தது தாமதமாகிவிட்டதைப் பார்த்து, பறப்பதை நிறுத்திக் கீழே இறங்கி, ஆட்டுப் பாதையில் நடந்து ஊருக்குள் போனது. அது போகப் போக அம்பின் முனையும் அதன் பக்கமே திரும்பியது. யாராவது ஒரு கல்லை எடுத்து அந்தப் பறவை மேல் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வேட்டையில் சண்டை வராமல் இருக்க அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவன் அம்பு விட்ட பறவையின் மேல், அந்த அம்பு மண்ணைத் தொடும் வரைக்கும் வேறு யார் கையும் படக்கூடாது, அம்பு விட்டவன் கையும் படக்கூடாது. வழக்கமாக அது கண் இமைக்கிற நேரத்துக் கட்டுப்பாடு. இந்த முறை அது நீண்டுகொண்டு போனது.

கௌதாரி தெருத்தெருவாக நடந்து, எந்த வீட்டையும் பிடிக்காமல், கடைசியில் சடையாண்டி வீட்டு வாசலில் நுழைந்தது. அங்கே மூக்காயி தவழ்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள், குருவம்மா புடைத்த கம்பு கொஞ்சம் சிந்திக் கிடந்தது. கௌதாரி நாலு மணியைக் கொத்திவிட்டு, பிள்ளையின் மடியில் ஏறி உட்கார்ந்து, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. பொட்டலில் அம்பு மெல்லத் திரும்பி, சடையாண்டியின் வீட்டை, அந்த வீட்டில் அவன் பெற்ற ஒரே பிள்ளையைப் பார்த்து நின்றது.

குருவம்மா அன்று அழவில்லை. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, உள்ளே போய், தன் பழைய சேலையில் ஒரு சாண் அகலத்துக்குக் கிழித்து எடுத்துக்கொண்டு பொட்டலுக்குப் போனாள். இரும்பு முனையைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

“என்னத்துக்குடி அது?” என்றான் சடையாண்டி.

“ஆடு மேய்க்கிற பிள்ளைக குறுக்க மறுக்க ஓடும், கண்ணுல பட்டுச்சுன்னா? ஒங்க இரும்பு இப்போதைக்கு வந்து சேராது, இந்தத் துணியாச்சும் இருக்கட்டும்” என்றாள் அவள்.

ஊருக்கு அம்மன் காரியம்தான் முதல் கவலை. அடிபடாத பறவையின் இறகை எப்படி ஏற்றுவது? கௌதாரி மூன்றாம் நாள் சடையாண்டி வீட்டு வாசலில் தானாகவே ஓர் இறகை உதிர்த்தது. வேலாண்டி அதை மஞ்சள் நீரில் நனைத்து அம்மன் கொண்டையில் வைத்து, “வேட்டை இன்னும் முடியல தாயே, நடந்துக்கிட்டிருக்கு, பொறுத்துக்க” என்று சொல்லிவிட்டார். அம்மன் பொறுத்துக்கொண்டாள், மழை பெய்தது. ஒரு வேட்டை முடியாமல் அடுத்த வேட்டையைத் தொடங்க முடியாது என்பதால் மறு வருஷமும், அதற்கு மறு வருஷமும் யாரும் வில்லை எடுக்கவில்லை. வருஷத்துக்கு ஓர் இறகைக் கௌதாரியே கொடுத்தது. கரட்டில் கௌதாரிகள் பெருகிக் கறையானைத் தின்று தீர்த்தன, கூரைகள் கூடுதல் காலம் தாங்கின.

அம்பு ஊரோடு சேர்ந்துவிட்டது. முதலில் காக்கை உட்கார்ந்தது, பிறகு ஈரத் துண்டுகள் தொங்கின, பிறகு நாவிதர் கண்ணாடியை அதில் மாட்டி மர நாற்காலியைக் கீழே போட்டு முகம் மழித்தார். மாதம் ஒருமுறை வருகிற நர்ஸம்மா தராசை அதில்தான் கட்டிக் குழந்தைகளை நிறுத்தார், அந்த ஊரில் அதைவிட அசையாத கொக்கி வேறு இல்லை என்றார். டவுன் பஸ் வந்தபோது நிற்கிற இடத்துக்கு ‘அம்படி’ என்று பெயர் வந்தது. அம்பு நகர நகர ஸ்டாப்பும் டீக்கடையும் வருஷத்துக்குக் கொஞ்சம் ஊரை நோக்கி நகர்ந்தன, அதனால் கூழாம்பட்டிப் பெண்களுக்குத் தலைச்சுமையோடு நடக்கிற தூரம் குறைந்தது. தேர்தல் நேரத்தில் மூன்று கட்சிக்காரர்களும் கொடி கட்டினார்கள். பிள்ளை இல்லாதவர்கள் மஞ்சள் துணி சுற்றினார்கள், பிள்ளை பிறந்தவர்கள் சிவப்புத் துணி சுற்றினார்கள், காய்ச்சல் விட்டவர்கள், காணாமல் போன மாட்டைக் கண்டுபிடித்தவர்கள், வழக்கில் ஜெயித்தவர்கள், எல்லோரும் குருவம்மா கட்டிய முடிச்சுக்கு மேலேயே சுற்றினார்கள். எண்ணெயும் மஞ்சளும் மழையும் வெயிலும் ஏறி அது முதலில் விளாங்காய் அளவானது, பிறகு தேங்காய் அளவானது.

சடையாண்டி மட்டும் அந்த அம்போடு சேரவில்லை. மற்றவர்களுக்கு அது கொக்கி, கொடிக்கம்பம், ஸ்டாப். அவனுக்கு அது தன் மகளைப் பார்த்து வந்துகொண்டிருக்கிற இரும்பு. பயத்தில் அவன் இளைத்துப் போனான். ஒருமுறை பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, ஊரைவிட்டே போவதென்று, மலையடிவாரத்தில் இருந்த குருவம்மாவின் சித்தி ஊருக்குப் போனான். கௌதாரி வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்தது. அந்த ஊர்க்காரர்கள் இரண்டு நாள் சோறு போட்டுவிட்டு, “ஏப்பா, அம்பு ஒங்க ஊரோடது. அது கிளம்பி எங்க வீடுகளுக்கு ஊடால வர்றதுக்கா நாங்க வீடு கட்டி வச்சிருக்கோம்?” என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று பின்னால் வந்தது. அம்பின் வேகம் கூடிக்கொண்டிருந்தது. காரணம் அவனைத் தவிர யாருக்கும் தோன்றவில்லை: இறகு குறைந்துகொண்டிருந்தது. காற்றில் கொஞ்சம் போனது, பிள்ளைகள் விளையாடக் கொஞ்சம் பிடுங்கின, ஆனால் பெரும்பகுதியைக் காது குடைய எடுத்துக்கொண்டு போனவன் பெத்தணன்தான். அவனுக்கு வலது காதில் தீராத அரிப்பு. பொட்டலைக் கடக்கும்போதெல்லாம் ஓர் இறகைப் பிடுங்கி, கண்ணைச் செருகிக்கொண்டு குடைந்தபடியே போவான். சடையாண்டி வேப்பம்பிசினும் சேவல் இறகும் எடுத்துக்கொண்டு போய்ப் புதிதாக ஒட்டுவான். எய்த அம்பில் ஒட்டிய இறகு நிற்கவில்லை, மறுநாளே உதிர்ந்தது.

“மச்சான், ஒங்க கால்ல வேணாலும் விழுறேன், அந்த இறகை விட்டுருங்க” என்று ஒருநாள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்.

பெத்தணன் முகம் மாறிப்போனது. “எம் மருமகளுக்குக் கெடுதல்னா நான் தொடுவனா மாப்ளே? சத்தியமா இனித் தொட மாட்டேன்” என்றான். உண்மையாகத்தான் சொன்னான். ஆனால் கைக்குத் தெரிந்த பழக்கம் வாய் கொடுத்த சத்தியத்தைக் கேட்டுக்கொண்டா இருக்கும்.

மூக்காயி இதற்கு நடுவிலேயே வளர்ந்தாள். அவள் எங்கே இருக்கிறாள் என்று யாரும் கூப்பிட்டுத் தேட வேண்டியதில்லை. அம்பைப் பார்த்தால் போதும். “கம்மாயப் பாத்து நிக்குது, குளிக்கப் போயிட்டா” என்பார்கள், “பள்ளிக்கூடத்தப் பாத்து நிக்குது” என்பார்கள். கண்ணாமூச்சியில் அவளைச் சேர்த்துக்கொள்ள எந்தப் பிள்ளையும் சம்மதிக்கவில்லை, அந்த வருத்தம் அவளுக்குக் கடைசிவரை இருந்தது. கௌதாரிக்கு வயதாகவில்லை. அம்பு வந்து சேராமல் கிழடாக அதற்கு நேரமில்லை போலும். அவள் உட்கார்ந்தால் மடியில் ஏறும். ஏறிய உடனே அவள் இரண்டு கைகளையும் அகலமாக விரித்துக்கொள்வாள், கட்டுப்பாடு அவளுக்கும்தானே. தன் மடியில் வளர்ந்த பறவையை அவள் ஒருமுறைகூடத் தடவிக் கொடுத்ததில்லை.

“பயமா இருக்கா தாயி?” என்று சடையாண்டி ஒருநாள் கேட்டான். அன்று அவன் வீட்டைப் பிரித்து, தெருவின் கடைசிக்குக் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டிருந்தான். அது அவன் கட்டிய மூன்றாவது வீடு, அதற்குப் பின்னால் கண்மாய், கண்மாய்க்குப் பின்னால் வேறு ஊர்க்காரர்கள்.

“எனக்கென்னய்யா பயம்? அது என்னப் பாத்தா வருது, கவுதாரியப் பாத்துல்ல வருது” என்றாள் மூக்காயி. “இது மடியில இருக்கையில சூடா இருக்கு. ஒருதடவ தொட்டுப் பாக்கணும்னு இருக்கு, அதான்.”

அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள், வீட்டை நோக்கி நீண்டு நிற்கிற அம்பைப் பார்த்துவிட்டுக் காப்பியைக்கூடக் குடிக்காமல் போனார்கள். கடைசியில் வந்து கேட்டவன் டவுன் பஸ் கண்டக்டர் இன்பராசு. அவனுக்கு அம்பு புதிதில்லை. அது நகர்ந்த இடத்துக்கெல்லாம் விசில் ஊதி வண்டியை நிறுத்தியவன். “பின்னால என்ன ஆகும்னு யோசிச்சியா தம்பி?” என்று சடையாண்டி கேட்டபோது, “அம்படியில எறங்குற ஆளுகளப் பூராம் குனிஞ்சு போங்கன்னு சொல்றதே என் வேலைதான் மாமா. வீட்டுலயும் குனிஞ்சுக்குவோம்” என்றான். மூக்காயி கதவுக்குப் பின்னால் சிரித்தது சடையாண்டிக்குக் கேட்டது. வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தவன், இன்பராசுவுக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னான்.

கல்யாணத்தன்று காலையில் அம்பு தெரு முனையில் நின்றிருந்தது. வாலில் ஒரே ஓர் இறகு மிச்சம். முகூர்த்தம் முடிந்ததும் பெண்ணையும் பறவையையும் பஸ்ஸிலேயே ஏற்றி அனுப்பிவிடுவது, அம்பு திரும்பிப் போவதற்குள் இன்னொரு யோசனை பிறக்கும் என்று சடையாண்டி திட்டம் வைத்திருந்தான். வாசல் பந்தலில் மூக்காயி கூறைச்சேலையோடு மணையில் உட்கார்ந்தாள், கௌதாரி வந்து மடியில் ஏறியது, அவள் கைகளை விரித்துக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் ஓரிடத்தில் அவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

பெத்தணன் தாய்மாமன் சீரை இறக்கி வைத்துவிட்டு, தெரு முனையில் நின்று வந்தவர்களை வாங்க வாங்க என்று கும்பிட்டுக்கொண்டிருந்தான். மருமகளுக்குக் கல்யாணம் என்கிற பூரிப்பில் அவன் கண் கலங்கியிருந்தது, மேளச் சத்தத்தில் வலது காது குறுகுறுத்தது. கை தானாக மேலே போனது. இறகு காதுக்குள் நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றிய பிறகுதான் தான் எதைப் பிடுங்கினோம் என்பது அவனுக்கு உறைத்தது.

“மாப்ளேய்!” என்று அவன் கத்திய கத்தலில் மேளம் நின்றது.

அம்பு கிளம்பிவிட்டது. வில்லில் இருந்து போகிற வேகமில்லை. சந்தைக்கு நேரமாகிவிட்ட ஆள் நடக்கிற வேகம். நாவிதரின் கண்ணாடியும் யாரோ உலர்த்திய வேட்டியும் அதில் தொங்கிக்கொண்டு வந்தன. சமையல்காரர்கள் சாம்பார் அண்டாவை ஒதுக்கி வழி விட்டார்கள், “தள்ளுங்கப்பா, அம்பு வருது, குழந்தைகளப் பிடிங்க” என்று ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கினார்கள். சடையாண்டி ஓடி வந்து இரண்டு கையாலும் அம்பைக் கட்டிப் பிடித்தான். அது அவனையும் இழுத்துக்கொண்டு வந்தது. புதுவேட்டி அவிழ, குதிகால் மண்ணை உழ, அவன் அந்தத் தண்டில் தொங்கிக்கொண்டு வந்தான். இத்தனை வருஷமாகத் துணிக்குள் இருக்கிற இரும்பு அவன் ஒருவன் கண்ணுக்கு மட்டும் தெரிந்துகொண்டே இருந்தது.

“எந்திரிச்சு ஓடு தாயி! ஓடு!” என்று கதறினான்.

மூக்காயி எழுந்திருக்கவில்லை. “இன்னைக்கு ஓடுனா என்னைக்கும் ஓடணும்யா. வரட்டும்” என்றாள். பக்கத்தில் தாலிக் கயிற்றைக் கையில் பிடித்திருந்த இன்பராசுவும் எழுந்திருக்கவில்லை. கௌதாரி மட்டும் மடியில் எழுந்து நின்று, இத்தனை நாள் காத்திருந்த விருந்தாளியைப் பார்ப்பது போல அம்பைப் பார்த்தது.

அம்பு பந்தலுக்குள் தாழ்ந்து வந்து, ‘டொப்’ என்று பட்டது. தலையணையால் அடித்த சத்தம், அவ்வளவுதான். மஞ்சள் தூள் புகையாகக் கிளம்பி மூக்காயி இரண்டு முறை தும்மினாள். கௌதாரி அவள் மடியிலிருந்து உருண்டு முன்னால் இருந்த தாம்பாளத்தில் தேங்காய் பழத்துக்கு நடுவில் விழுந்தது. அம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து மண்ணில் விழுந்தது, நாவிதரின் கண்ணாடி உடைந்தது.

சடையாண்டி தவழ்ந்துபோய் மகளின் கையை, தோளை, முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். மண்ணைப் பார்த்தான். எங்கும் ஒரு பொட்டு ரத்தம் இல்லை. குருவம்மா வந்து அந்தத் துணி உருண்டையைப் பிரித்தாள். மஞ்சளும் சிவப்புமாக ஊர் சுற்றிய சுற்றெல்லாம் அவிழ்ந்து விழுந்தன, கட்டக் கடைசியில் அவளுடைய பழைய சேலைக் கிழிசல் வந்தது. அதை உதறினாள், ஒரு சிட்டிகைச் செம்மண் மாதிரி துரு கொட்டியது. இரும்பு என்று உள்ளே ஒன்றும் இல்லை.

“நீங்க வச்சிருக்க வேண்டிய முனைய ஊரே சேந்து வச்சிருக்கு” என்றாள் குருவம்மா. சொல்லிவிட்டு, அத்தனை வருஷத்து அழுகையையும் அங்கே உட்கார்ந்து அழுதாள்.

மூக்காயி பூசாரியைப் பார்த்தாள். “சின்னய்யா, இப்பத் தொடலாமா?”

வேலாண்டி கீழே கிடந்த அம்பைப் பார்த்தார். “மண்ணத் தொட்டுருச்சு தாயி. வேட்டை முடிஞ்சது. தொட்டுக்க” என்றார்.

அவள் மருதாணிக் கையை நீட்டி, தாம்பாளத்தில் கால் விறைத்துக் கிடந்த கௌதாரியின் முதுகில் வைத்தாள். கழுத்திலிருந்து வால் வரைக்கும் ஒருமுறை தடவினாள், இன்னொரு முறை தடவினாள். அவள் கண்ணீர் அதன் மேல் விழுந்தது. சடையாண்டி முட்டி போட்டபடி அந்தப் பறவையைப் பார்த்தான். இது எழுந்திருக்கவே கூடாது என்றுதான் இரும்பை வைத்தோம் என்பது நினைவுக்கு வந்தது. எழுந்திரு, எழுந்திருடா என்று மனசுக்குள் கும்பிட்டான்.

கௌதாரி கண்ணைத் திறந்தது. மூக்காயியைப் பார்த்தது, பிறகு வேலாண்டியை ஏற இறங்கப் பார்த்தது. தாம்பாளத்தில் எழுந்து நின்று, உதறிக்கொண்டு, ‘கித்தித்திர் கித்தித்திர்’ என்று கத்திவிட்டு, மேளக்காரர் தலைக்கு மேலாக எழும்பிக் கரட்டைப் பார்த்துப் பறந்து போனது. அவள் உள்ளங்கையில் ஓர் இறகு ஒட்டியிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. பழைய கதை எல்லோருக்கும் நினைவு வந்து, எல்லோரும் சடையாண்டி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெத்தணன் பந்தல்கால் ஓரமாக, கையில் அந்தக் கடைசி இறகோடு, முகத்தில் ரத்தமே இல்லாமல் நின்றுகொண்டிருந்தான்.

சடையாண்டி அவிழ்ந்த வேட்டியை அள்ளிப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

“மச்சான்!” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கூவினான். “எந்திரிச்சுப் பறந்துருச்சுய்யா, பாத்தீகளா! எந்திரிச்சுப் பறந்துருச்சு!”

முதலில் அவன்தான் சிரித்தான். அப்புறம்தான் ஊர் சிரித்தது.